பள்ளிக் கணினி மறைத்த பக்கம்

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினேழு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் வாழ்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகள் பொதுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். உலக வரலாற்றுப் பாடத்துக்காக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கினாள். பள்ளி கொடுத்த மடிக்கணினியில் அவள் திறந்த பக்கங்களில் பல, ‘வன்முறை, தீவிரவாதம்’ என்று காரணம் காட்டித் தடுக்கப்பட்டன. அவள், இணையத் தடுப்பைத் தாண்டிப் போக உதவும் இலவச விபிஎன் சேவை ஒன்றின் மூலம் அவற்றைப் படித்ததோடு, அதை வகுப்புத் தோழர்கள் நால்வருக்கும் அனுப்பிவிட்டாள். பள்ளி இரண்டு நாள் டிடென்ஷன் (வகுப்பு நேரத்துக்கு வெளியே பள்ளியில் இருக்க வைக்கும் தண்டனை) கொடுத்து, கணினியை இரண்டு வாரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டது. மன்னிப்புக் கடிதமும் கேட்கிறது. ‘பக்கத்தை மறைத்தவர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்களா?’ என்கிறாள் மகள். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், ‘எங்கட பேர் ஒரு லிஸ்டிலயும் வரக் கூடாது, பேசாமல் எழுதிக் குடு’ என்கிறார் கணவர். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் அச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தீராமல் மற்ற எதையும் உங்கள் வீட்டில் அமைதியாகப் பேச முடியாது. பட்டியல்களுக்கு அஞ்சி ஊரை விட்டு வந்த ஒருவரிடம் ‘வீணாகப் பயப்படாதீர்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவது மரியாதையாகாது. குடியுரிமை விண்ணப்பம் விண்ணப்பதாரரின் கைது, வழக்கு, குற்றத் தீர்ப்பு போன்றவற்றைக் கேட்கிறது. மகளுக்குப் பள்ளி கொடுத்த டிடென்ஷன் இவற்றில் எதுவும் அன்று. மாணவர்களின் கல்விப் பதிவேடுகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 1974 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சட்டமே குறிப்பிடும் சில விதிவிலக்குகளைத் தவிர, பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் பள்ளி அவற்றை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. பதிவேட்டைப் பார்வையிடவும், பிழை இருந்தால் திருத்தும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையை இந்த வாரமே பயன்படுத்துங்கள். மகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘தீவிரவாதம்’ என்ற சொல் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மென்பொருள் ஒட்டிய முத்திரை, அதைப் படிக்க முயன்ற பிள்ளைக்கு ஒட்டியதாக மாறிவிடக் கூடாது. அப்படி இருந்தால், ‘பள்ளிக் கணினி விதி மீறல்’ என்று மட்டும் எழுதும்படி கோருங்கள். அதன் பிறகும் கணவரின் மனம் ஆறவில்லை என்றால், உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இனி மகளின் செயல். பள்ளி தொடங்கும் வாரத்தில் வந்த படிவக் கட்டோடு நீங்களும் அவளும் ஒப்பமிட்ட இணையப் பயன்பாட்டு விதியில், தளங்களைத் தடுக்கும் மென்பொருளான வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது என்பது அநேகமாக இருந்திருக்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது அவள் அந்த விபிஎன்னைப் பிறருக்கு அனுப்பியதுதான். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத ஓர் இலவசச் சேவையின் வழியாக நான்கு தோழர்களின் இணையப் போக்குவரத்தையும் அவள் திருப்பிவிட்டிருக்கிறாள். அவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்பது அந்த முகம் தெரியாதவர்களுக்குத் தெரிய வரும். இதற்கு அவள் மன்னிப்புக் கேட்பதே முறை. டிடென்ஷனையும் இருந்து முடிக்கட்டும். கணினியைப் பறித்ததைத்தான் நான் ஏற்க மாட்டேன். எல்லாப் பாடத்தின் வீட்டு வேலையும் அதில் இருக்கும்போது, இரண்டு வாரம் அதை வாங்கி வைப்பது வரலாற்றுக் கட்டுரைக்காகக் கணக்கிலும் அறிவியலிலும் தண்டிப்பதாகும்.

ஆனால் அவள் கேட்கும் கேள்வி நியாயமானது. பள்ளியிடம் கேட்டால் ‘சட்டப்படிதான் தடுக்கிறோம்’ என்ற பதில் வரக்கூடும் என்பதால், அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணைய இணைப்புச் செலவில் 20 முதல் 90 விழுக்காடு வரை கழிவு தரும் இ-ரேட் திட்டத்தின் கீழ் அந்தக் கழிவைப் பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைத்தாக வேண்டும் என்கிறது அது. எதை மறைக்கச் சொல்கிறது? ஆபாசப் படங்கள், குழந்தைகளைப் பாலியல் முறையில் காட்டும் படங்கள், வயது வராதோருக்குக் கேடு என்று சட்டம் வரையறுக்கும் பாலியல் தன்மையுள்ள படங்கள், அவ்வளவே. எழுத்து வடிவில் உள்ள எதையும் அது மறைக்கச் சொல்லவில்லை. போர் பற்றிய வரலாற்றையும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 2003இல் நூலகங்கள் தொடர்பான வழக்கில் இச்சட்டத்தைச் செல்லும் என்று உறுதி செய்தபோதும் அதன் எல்லை இதுதான். இதற்கு மேல் எது மாணவருக்குப் பொருந்தாது என்ற முடிவைச் சட்டம் உள்ளூர்ப் பள்ளி வாரியத்திடமே விட்டிருக்கிறது. ஆகவே உங்கள் மகளின் பக்கங்களை மூடியது வாஷிங்டன் அன்று. உங்கள் ஊரில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு.

அதைக்கூட முடிவு என்று சொல்லத் தயங்குகிறேன். வடிகட்டி விற்கும் நிறுவனம் எண்ணற்ற தளங்களை மென்பொருளின் துணையோடு வகைப்படுத்தி வைத்திருக்கும். பள்ளி மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் வகைகளின் பெயர்களுக்கு எதிரே தடு, அனுமதி என்று குறியிட்டுவிட்டுப் போவார். சுமார் 97,000 நூல்கள் எரிந்த ஓர் இரவைப் பற்றிய பக்கத்தை அவர் படித்துப் பார்த்து மூடியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. படிக்காமலே மூட முடிகிறது என்பதுதான் இதில் என்னை வருத்துகிறது. இத்தகைய வகைப்பாடு நீதிமன்றம் வரை போனதுண்டு. மிசூரி மாநிலத்தின் கேம்டன்டன் பள்ளி மாவட்டத்தில், தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கு ஆதரவான தளங்களை வடிகட்டி ‘பாலியல்’ என்று மூடியது; அவர்களை எதிர்த்து எழுதும் தளங்களோ ‘மதம்’ என்ற வகையில் திறந்தே கிடந்தன. 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பாகுபாட்டை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

நான் சில ஆண்டுகள் ஒரு பள்ளி நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். தடுப்புப் பக்கம் வெளிர் சாம்பல் நிறத்தில் வரும். நடுவில் பூட்டுப் படம், அதன் கீழே வகையின் பெயர், இன்னும் கீழே ‘மறுபரிசீலனை கோருக’ என்ற சிறிய பொத்தான். அந்தப் பொத்தானை ஒரு பிள்ளையாவது அழுத்தி நான் பார்த்ததில்லை. இரண்டு விநாடி பார்ப்பார்கள். அக்கம் பக்கம் யாராவது கவனித்தார்களா என்று திரும்புவார்கள். பிறகு தலைப்பையே மாற்றிக்கொள்வார்கள். அகதிகளைப் பற்றி எழுத வந்த ஒரு மாணவன் அன்று மாலை பென்குயின்களைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பள்ளிக்கு அது எந்தச் சிக்கலும் இல்லாத நாள். உங்கள் மகள் தலைப்பை மாற்றவில்லை. அவளைக் கண்டிக்கும் முன் இதை அவளிடம் சொல்லிப் பாராட்டுங்கள்.

மேரி பெத் டிங்கரின் கதையையும் அவளுக்குச் சொல்லலாம். 1965 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டிமோயின் நகரில், வியட்நாம் போருக்கு வருந்திக் கையில் கறுப்புப் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போனதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டபோது அவருக்கு வயது 13. பள்ளி வாயிலில் நுழைவதால் மாணவர் தம் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 1969இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டியை அவர் எல்லோரும் பார்க்கும்படி கட்டியிருந்தார். உங்கள் மகளின் விபிஎன் மறைவில் நடந்த காரியம். அவளும் வெளிப்படையாகவே கேட்கட்டும்.

மன்னிப்புக் கடிதத்தில் முதல் பத்தி, விபிஎன்னைப் பயன்படுத்தியதற்கும் பகிர்ந்ததற்கும் வருத்தம் தெரிவிக்கட்டும். எதைப் படித்தாளோ அதற்காக ஒரு சொல்லும் வருந்த வேண்டாம். இரண்டாவது பத்தியில், தடுக்கப்பட்ட பக்கங்களின் முகவரி, நாள், காட்டப்பட்ட வகை ஆகியவற்றைக் குறித்து, அவற்றைத் திறந்துவிடும்படி கோரட்டும். நகலை வரலாற்று ஆசிரியருக்கும் நூலகருக்கும் அனுப்புங்கள். ஆசிரியர் ஒரு வரி எழுதினால் கதவு விரைவில் திறக்கும். கணினியைத் திருப்பிக் கேட்கும் கடிதம் தனியாக, உங்கள் இருவரின் பெயரில் போகட்டும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். பொதுமக்கள் பேச அங்கே சில நிமிடங்கள் ஒதுக்குவார்கள். கணவர் பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம், உடன் வந்து உட்கார்ந்தால் போதும்.

பள்ளியின் வடிகட்டி உங்கள் வீட்டிலுள்ள சொந்தக் கணினியில் இருக்காது என்பதால், கட்டுரையை அவள் அதில் முடிக்கலாம். ஆனால் பள்ளி கொடுத்த கணினியைத் தவிர வேறு இல்லாத பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருப்பார்கள். உங்கள் மகள் கேட்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று கடிதத்தில் எழுதினால் நன்று. அந்த நூலகத்தின் வாசகசாலையில் உட்கார்ந்து படித்தவர்கள் உங்கள் உறவில் இருந்தால், இந்தச் சனிக்கிழமை மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுக்குத் தொலைபேசியில் அழையுங்கள்.