கொடுமையைத் தாண்டி வந்தவரின் சொல்லுக்கு மெட்டமைப்பது: கேள்வி பதில்

மயிலாப்பூர் வாசகி: சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருவர் எழுதிய இரண்டு பக்கங்களுக்கு மெட்டுப் போடுகிறேன். எந்த ராகம் பொருந்தும்?

ராகத்தில் தொடங்காதீர்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை விழுங்குகிறார் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மெட்டு நிற்க வேண்டிய இடங்கள் அவைதான். உரைநடையை எட்டு அட்சர (எட்டு எண்ணிக்கை) ஆதி தாளத்துக்குள் திணித்தால் குறில் நெடிலாகிவிடும். 'என்னை விடு' என்று அவர் எழுதியிருப்பார். 'வி'யில் இரண்டு அட்சரம் நின்றால் 'என்னை வீடு' என்று காதில் விழும். விருத்தம் போலத் தாளமில்லாமல், தம்பூரா மட்டும் வைத்துப் பாட வையுங்கள். சுருதி அவர் பேசும் குரலை ஒட்டியே இருக்கட்டும். மேல்ஸ்தாயிக்குப் போனால் சொல் தெளிவு போய்விடும். மிருதங்கம் வேண்டுமென்றால் வரிகளுக்கு நடுவே வரட்டும், வரிக்கு அடியில் வேண்டாம்.

போரூர் வாசகர்: பாதிக்கப்பட்ட சிறுமியின் குரலையே பிட்ச் மாற்றிச் சேர்க்கலாமா?

கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 23-இன்படி பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதுவும் ஊடகத்தில் வரக்கூடாது. பிட்ச் மாற்றுவது மறைப்பே அல்ல. ஏற்றிய அளவு இறக்கினால் பழைய குரல் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். வேறு பாடகி பாடட்டும். வரிகளில் தெருப் பெயர் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அடையாறு வாசகர்: சோகத்துக்கென்றே முகாரி ராகம் இருக்கிறதே. ராகம் பிறகு என்பது சரியா?

தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய 'எந்தநினே' கீர்த்தனையும் முகாரிதான். அதில் அழுகை எங்கே?

அடையாறு வாசகர்: கச்சேரி ரசிகருக்குச் சரி. மற்றவர்களுக்கு முகாரி என்றாலே ஒப்பாரிதானே?

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவர் எழுதியது கோபமாக இருக்கலாம். சில வரிகள் வெறும் விவரம்: கதவின் நிறம், மின்விசிறிச் சத்தம். அதற்கு அழுகை ராகம் வைத்தால், சொல் காதில் விழுமுன்னே கேட்பவர் பரிதாபப்பட்டு முடித்துவிடுவார். ஒப்பாரி செத்தவருக்குப் பாடுவது. இவர் உயிரோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

வடபழனி வாசகி: முடிவில் தாலாட்டு ராகமான நீலாம்பரியில் ஒரு தாலாட்டு வைக்கலாமா?

அவரைக் கேட்காமல் வேண்டாம். கொடுமை இரவில், படுக்கையில் நடந்திருந்தால் தாலாட்டே அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். கதவு சாத்தும் ஓசை, திடீர் டிரம் அடி, காலடிச் சத்தம் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

தாம்பரம் வாசகர்: சோக ராகமான சுபபந்துவராளி பொருந்துமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பெரம்பூர் ஆசிரியை: இந்த வரிகளைப் பள்ளி விழாவில் பிள்ளைகளைப் பாட வைக்கலாமா? பயிற்சியில் ஒரு பிள்ளை தனக்கும் நடந்தது என்று சொன்னால்?

பாட வைக்காதீர்கள். வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் பயிற்சியையும் பதிவையும் நிறுத்துங்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள், துருவிக் கேட்காதீர்கள். போக்சோ சட்டப் பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அழையுங்கள்.

கொளத்தூர் வாசகர்: பாடலாசிரியர் என்று யார் பெயரைப் போடுவது?

எழுதியவரைத்தான். புனைபெயர் கேட்டால் புனைபெயர். ராயல்டியில் அவர் பங்கு அவருக்கே. வெளியாகும் நாள் வரை, காரணம் சொல்லாமலே அவர் பின்வாங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஸ்டுடியோ வாடகை கட்டியாகிவிட்டது என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது.