எம்.எஸ். நோயை யாரிடம் சொல்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு 29 வயது. போன வருடம்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய மூன்று வருடங்களில் ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், பிறகு தானாகவே சரியாகிவிடும். போன இடத்திலெல்லாம் டென்ஷன், சத்துக்குறைவு என்றார்கள். மே 30 உலக எம்.எஸ். தினத்தன்று கல்லூரித் தோழிகளுடன் பேரணி நடத்த நினைக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

பேரணியை மே மாத வெயிலில் வைக்காதீர்கள். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே எம்.எஸ். உள்ள பலருக்குப் பார்வை மங்கும், கால் தளரும். இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயிலின் என்ற காப்பு உறை சிதைகிறது; அப்படி உறை சிதைந்த நரம்பு சூட்டில் செய்தியைக் கடத்தத் திணறுவதுதான் காரணம். உடலை வருத்தி உழைத்த பிறகு இப்படிப் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-லேயே பதிவுசெய்திருக்கிறார். உடல் குளிர்ந்தால் சரியாகிவிடும் என்றாலும், உங்கள் அக்காவே வரமுடியாத நிகழ்ச்சி எதற்கு? ஏசி அரங்கில் ஒரு கூட்டம் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த மூன்று வருடம். இன்றைய மருந்துகள் புதிய தாக்குதல்களைக் குறைக்கும். ஏற்கெனவே அழிந்த நரம்பை மீட்டுத் தராது. ஆகவே உங்கள் உழைப்பெல்லாம் அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்கே போகட்டும். இந்த நோயாளி முதலில் போய் நிற்கும் இடங்கள் எவை? கண்ணாடிக் கடை, குடும்ப டாக்டர், பிசியோதெரபிஸ்ட், மருந்துக்கடை. அவர்களிடம் ஒரு பக்கத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர், பெரும்பாலும் பெண். ஒரு கண் சில நாட்களில் மங்குகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது. அல்லது கையோ காலோ மரத்துப்போய் ஒரு நாளுக்கு மேல் அப்படியே இருக்கிறது. சில வாரங்களில் தானாகச் சரியானாலும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள், எம்ஆர்ஐ தேவையா என்று அவர் முடிவுசெய்வார். இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். சர்க்கரை நோயிலும் பி12 குறைவிலும்கூடக் கால் மரத்துப்போகும் என்பதால், யாரையும் பயமுறுத்தாதபடி ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சிடுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். காலையில் நடந்து வந்தவர் மாலையில் சுவரைப் பிடித்து நடக்கும் நோய் இது. சோர்வோ வெளியே தெரியவே தெரியாது. அதனால் ஒரு நாள் பரிசோதனையில் பாதிப்பு முழுதாகத் தெரியாமல் போகலாம். பழைய எம்ஆர்ஐ, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு சான்றிதழ் வாங்கப் போகிறவருக்குத் துணையாகப் போவதையும் விழிப்புணர்வுப் பணி என்றே நான் சொல்வேன்.

மருந்து விலை பற்றியும் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல்தான் எம்.எஸ். மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாகச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாடிரமர், ரிடக்ஸிமாப். உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மூன்று பெயர்களையும் குறிப்பிட்டு, இவை அரசு மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று கடிதம் எழுதுங்கள்.

தனியாக அலையவும் வேண்டாம். 1945-இல் சில்வியா லாரி என்ற பெண், எம்.எஸ். வந்த தன் தம்பிக்காக, குணமானவர்கள் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளுங்கள் என்று நியூயார்க் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பதில் எழுதியவர்களும் அவரைப் போலவே வழி தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சேர்த்து அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஒரு சங்கம் உருவானது. இந்தியாவில் 1985 முதல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா செயல்படுகிறது. அதன் சென்னைக் கிளையில் பேசிப் பாருங்கள்.

எதைத் தொடங்கும் முன்பும் அக்காவிடம் கேட்டுவிடுங்கள். கல்யாணம், வேலை என்று பல காரணங்களுக்காக இந்த நோயை வெளியே சொல்லாதவர்கள் நம்மிடையே நிறைய. அவர் வேண்டாம் என்றால் படமும் பெயரும் எங்கும் வரக்கூடாது. அந்த ஒரு பக்கத் தாள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.