பகல் ஜாதகமா, இரவு ஜாதகமா? – ஜோதிடக் கேள்வி பதில்

கேள்வி: பிறப்பு காலை 6.05. சூரியனும் லக்னமும் (பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதயமாகும் புள்ளி) ஒரே ராசியில். இதைப் பகல் பிறப்பு என்பதா, இரவுப் பிறப்பு என்பதா?

பதில்: ராசிக் கட்டம் மட்டும் போதாது, பாகை (டிகிரி) வேண்டும். லக்னப் பாகையைவிடச் சூரியன் குறைந்த பாகையில் நின்றால் உதயமாகிவிட்டது, பகல். கூடுதலாக நின்றால் இன்னும் அடிவானத்துக்குக் கீழே; இரவு. லக்னம் கன்னி 12, சூரியன் கன்னி 9 என்றால் பகல். சூரியன் ஏழாம் ராசியில் இருக்கும் மாலைப் பிறப்புக்கு இது தலைகீழ்: லக்னப் பாகையைத் தாண்டி நின்றால்தான் பகல். மற்றபடி லக்னத்திலிருந்து எண்ணி 8 முதல் 12 வரையுள்ள ராசிகளில் சூரியன் நின்றால் பகல், 2 முதல் 6 வரை நின்றால் இரவு. விடிந்து வெளிச்சம் வந்ததெல்லாம் கணக்கில் சேராது. லக்னம் சுமார் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். வித்தியாசம் ஒரு பாகைக்குள் என்றால் முதலில் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். இதில் பிசகினால் காரகமே, அதாவது எந்தக் கிரகம் எந்த உறவைக் குறிக்கும் என்பதே, மாறிவிடும். பகலில் பிறந்தவருக்குச் சூரியன் தந்தை, சுக்கிரன் தாய். இரவில் பிறந்தவருக்குச் சனி தந்தை, சந்திரன் தாய் என்கிறார் பழங்கால ஜோதிட நூலாசிரியர் வராகமிகிரர்.

கேள்வி: சனி இரவில் பலம் பெறும் என்கிறது நம் முறை. கிரேக்க முறையிலோ அது பகல் கிரகம். எது சரி?

பதில்: இரண்டும் அளப்பது வேறு வேறு. ஷட்பலத்தில் (கிரகங்களின் ஆறுவகை பலக் கணக்கு) வரும் நதோன்னத பலம், பிறந்த நேரம் நண்பகலுக்கு அருகிலா நள்ளிரவுக்கு அருகிலா என்பதை வைத்துப் போடும் வலிமைக் கணக்கு. நள்ளிரவில் சந்திரன், செவ்வாய், சனிக்கு முழுசாக 60 சஷ்டியம்சம் (பலத்தை அளக்கும் அலகு). நண்பகலில் சூரியன், குரு, சுக்கிரனுக்கு 60. புதனுக்கு எப்போதும் 60. இடைப்பட்ட நேரத்தில் மணிக்கு 5 ஏறி இறங்கும். நள்ளிரவுக்கு 3 மணி நேரம் முன்பு பிறந்தால் சனிக்கு 45, குருவுக்கு 15. கடிகாரத்தின் 12 மணியை நள்ளிரவாக வைத்துவிடாதீர்கள். அஸ்தமனத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் நடுப்புள்ளிதான் நள்ளிரவு.

கிரேக்கர்கள் சூரியன், குரு, சனியைப் பகல் அணியிலும், சந்திரன், சுக்கிரன், செவ்வாயை இரவு அணியிலும் வைத்தது குணத்தை வைத்து. சனியின் குளிர்ச்சியைப் பகல் வெப்பமும், செவ்வாயின் வறட்சியை இரவின் ஈரமும் தணிக்கும் என்பது பழங்கால கிரேக்க ஜோதிட நூலாசிரியர் தாலமி சொன்ன காரணம். ஆகவே பகல் ஜாதகத்தில் சனியின் கெடுதல் குறைவு, செவ்வாயின் கெடுதல் அதிகம் என்று படிப்பார்கள். ஒன்றின் எண்ணை எடுத்து மற்றதன் பலனுக்கு ஒட்டவைப்பதுதான் தவறு.

கேள்வி: புண்ணிய சகமம் (சூரியன், சந்திரன், லக்னம் மூன்றையும் வைத்துக் கணக்கிடும் புள்ளி) இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாக வருகிறதே?

பதில்: பகலில் சந்திரனிலிருந்து சூரியனைக் கழித்து லக்னத்தைக் கூட்ட வேண்டும், இரவில் சூரியனிலிருந்து சந்திரனைக் கழிக்க வேண்டும். இரண்டு மென்பொருளின் விடைகளுக்கும் வித்தியாசம் சரியாக 30 பாகை என்றால், கழிக்கப்பட்ட கிரகத்திலிருந்து மற்றதுவரை உள்ள இடைவெளியில் லக்னம் விழாதபோது சேர்க்கும் ஒரு ராசியை ஒரு மென்பொருள் விட்டிருக்கும்.