குலை பழுத்ததை யார் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேலையிடத்தில் முடிவெடுப்பதைப் பற்றியே எல்லாரும் கேட்டிருந்தார்கள். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் அடையாளத்தைத் தவிர்த்து வெளியிடுகிறோம்.

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமொன்றில் ஓராண்டாகத் துணை நிர்வாகியாக இருக்கிறேன். எங்கள் மூத்த மண்டோர் (தொழிலாளர்களின் மேற்பார்வையாளர்) நீண்ட அனுபவமுள்ளவர். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் நான் கணினிக் கணக்கைக் காட்டி அறுவடைத் திட்டத்தைச் சொன்னால், "அந்தப் பக்கம் இன்னும் பழுக்கலம்மா, நாலு நாள் போகட்டும்" என்கிறார். காரணம் கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பதுதான் பதில். அனுபவத்தை நம்புவதா, கணக்கை நம்புவதா?

பதில்: எதைப் பற்றிய அனுபவம் என்று முதலில் பாருங்கள், சகோதரி. உள்ளுணர்வை நம்பலாமா என்ற விவாதத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இரண்டு உளவியலாளர்கள், டேனியல் கானமனும் கேரி கிளைனும், நெடுநாள் வாதாடிவிட்டு 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதரின் மதிப்பீடுகளில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகளை ஏமஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து ஆராய்ந்து, 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் கானமன். கிளைனோ, எரியும் கட்டடத்தின் முன் நொடியில் சரியான முடிவெடுக்கும் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்து, அனுபவத்தின் பக்கம் பேசியவர். இருவரும் ஒத்துக்கொண்டவை இரண்டு நிபந்தனைகள். ஒருவர் வேலை செய்யும் சூழலில் கற்றுக்கொள்ளத்தக்க ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். தாம் சொன்னது சரியா தவறா என்பது அவருக்கு விரைவாகவும் தெளிவாகவும் தெரியவந்து, அதிலிருந்து கற்கப் போதிய காலமும் கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு அடித்துப் பேசுகிறார் என்பதை அவர்கள் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் மண்டோரின் கண், குலை விஷயத்தில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்கிறது. பழத்தின் நிறமும் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களும் பொய் சொல்வதில்லை. பத்து, பதினான்கு நாளுக்கொரு முறை அதே மரத்தடிக்கு அவர் திரும்பி வருகிறார். காயாக வெட்டிய குலையை ஆலையில் தரம் பார்ப்பவர் அன்றைக்கே ஒதுக்கிவிடுகிறார். இத்தனை ஆண்டுகளாக இப்படித் திருத்தப்பட்ட கண்ணை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதே மனிதர், அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறும் என்று அதே குரலில் சொன்னால், அதற்கு அவருடைய அனுபவம் துணை நிற்காது. "புதிதாக வந்த ஆட்கள் சோம்பேறிகள்" என்று சொன்னாலோ இன்னும் கவனமாக இருங்கள். அவர்களுக்குப் பள்ளத்திலுள்ள மோசமான நிரைகளை ஒதுக்கியவர் அவராகவே இருக்கலாம். அப்படியானால் அவர் கணித்ததை அவரே விளைவித்திருக்கிறார், அது அனுபவம் போலத் தோன்றும்.

"ஏன்" என்று கேட்பதை விட்டுவிட்டு "எதைப் பார்த்தீர்கள்" என்று கேளுங்கள். கைதேர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வராது; சுட்டிக்காட்ட வரும். ஒரு நாள் அவரோடு ஒரு நிரை முழுவதும் நடந்து, அவர் சொல்லும் பழுத்த குலைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, உங்கள் கணக்கோடும் உண்மையில் வெட்டியதோடும் சில சுற்றுகள் ஒப்பிடுங்கள். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். எத்தனை லாரி, எந்த நேரத்தில், ஆலையில் எவ்வளவு வரிசை என்பதெல்லாம் மரத்தடியிலிருந்து தெரியாது. அது உங்கள் கணக்கு.

கேள்வி: ஆலை அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். ஒரே தவறு மாதாமாதம் நடப்பதைக் கவனித்து மேலே சொன்னேன். "அதெல்லாம் நிபுணர்கள் பார்த்து முடிவு செய்தது" என்றார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்திசாலித்தனமா?

பதில்: இந்தக் கேள்விக்கு உங்கள் வட்டாரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மலாயாவில் செம்பனை வணிகத்துக்காக முதலில் நடப்பட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் பூவைத் தேடி வரும் பூச்சிகள் வரவில்லை. அது யாருக்கும் ஒரு குறையாகவும் தெரியவில்லை, ஏனெனில் செம்பனையில் காற்றே மகரந்தத்தைச் சேர்க்கிறது என்று பாடநூல்கள் சொல்லின. காய்ப்பு சரியாக அமையாத தோட்டங்களில், ஆட்களை வைத்து ஒவ்வொரு பெண் பூங்கொத்திலும் மகரந்தத் தூளை ஊதச் செய்தார்கள். பெரும் செலவு, ஆனாலும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இங்கே தோட்டங்கள் வைத்திருந்த யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன், மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனிலும் வேலை பார்த்தவர். அங்கே பூக்களில் சிறு வண்டுகள் மொய்ப்பதையும், யாரும் எதையும் ஊதாமலே நன்றாகக் காய்ப்பதையும் பார்த்திருந்தார். இங்கே வண்டும் இல்லை, காய்ப்பும் போதவில்லை. அவருடைய சந்தேகம் உடனே எடுபடவில்லை. நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் அவர் தலைமை நிலைக்கு உயர்ந்த பிறகுதான், 1970களின் பிற்பகுதியில், ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூனுக்குச் சென்று ஆராய்ந்து, அந்த நீள்மூக்கு வண்டே வேலையைச் செய்கிறது என்று நிறுவினார். மற்றப் பயிர்களை அது தின்னாது என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, 1981இல் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் அதைப் பறக்கவிட்டார்கள். விரைவிலேயே தீபகற்பம் முழுவதும் பரவியது. கையால் ஊதும் வேலைக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அந்த வேலையை நம்பியிருந்த தொழிலாளர்களின் கணக்கில் இது எப்படிப்பட்ட முடிவு என்பது தனிக் கேள்வி. வண்டின் கதையைச் சொல்பவர்கள் அதைச் சேர்த்துச் சொல்வது குறைவு.

பார்த்தவரின் பதவி உயர்ந்த பிறகே அவர் பார்த்ததற்கு மதிப்பு வந்தது என்பதுதான் இதில் என்னை உறுத்துகிறது. கேமரூனில் அதே மரங்களின் அடியில் தினமும் நின்ற கூலியாட்களிடம் யாராவது முன்பே கேட்டிருந்தால் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்! எனவே வாயை மூடச் சொல்ல மாட்டேன். சொல்லும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். டேவிட்சனின் கையில் ஓர் ஒப்பீடு இருந்தது: அங்கே இப்படி, இங்கே இப்படி. நீங்களும் தவறு நடந்த மாதத்தையும் நடக்காத மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி, சீட்டு எண், இழப்பு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு "நிபுணர் சொன்னது தவறு" என்று தொடங்காமல், ஒரு வாரம் மாற்றிச் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். பறக்கவிட்ட வண்டைத் திருப்பி அழைக்க முடியாது என்பதால் அவர்கள் அத்தனை சோதனை செய்தார்கள். ஒரு பதிவு முறையை வேண்டாமென்றால் மறுவாரமே பழையபடி ஆக்கிவிடலாம். மேலதிகாரியிடம் இதைச் சொன்னாலே பாதி அச்சம் போய்விடும்.

கேள்வி: தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைப் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். கூட்டத்தில் எல்லாரும் "சரி பாஸ்" என்று தலையாட்டுகிறார்கள். உண்மையான பேச்சு வெளியே தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும்போதுதான் நடக்கிறது. என்ன செய்வது?

பதில்: அவர்கள் கோழைகள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனையில், எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சம நீளம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், முன்கூட்டிப் பேசி வைத்தபடி, ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறான விடையையே சொன்னார்கள். அங்கே முதலாளியும் இல்லை, சம்பள உயர்வும் இல்லை. கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னபோதும் அந்த இசைவு பெருமளவு குறைந்தது என்பதே உங்களுக்கு வேண்டிய செய்தி. மூத்தவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட நம்மவர்களிடம், தலைவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே நீங்கள் கடைசியில் பேசுங்கள்; வயதிலும் பதவியிலும் இளையவரை முதலில் பேசவிடுங்கள். பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதட்டும். மேலே சொன்ன கேரி கிளைன் ஒரு முறையைப் பரிந்துரைக்கிறார்: "ஓராண்டு கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். திட்டத்தைக் குறை சொல் என்றால் வராத வார்த்தை, நடந்துவிட்ட தோல்விக்குக் காரணம் சொல் என்றால் வந்துவிடுகிறது. நான் அறிந்தவற்றில் செலவே இல்லாத மருந்து இது.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், சிறந்த குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அந்தக் குழுக்களில்தான் தவறுகள் அதிகம். அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் பிரிவிலும் மக்கள் வாய் திறந்தால் முதல் சில மாதங்கள் அறிக்கை மோசமாகத்தான் தெரியும். அந்த அறிக்கையை மேலே கொண்டுபோகும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: உடனுக்குடன் முடிவெடுப்பவர்தான் நல்ல தலைவரா?

பதில்: மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்களில், ஆம். 1978இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர் மிகச் சிறந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகிறார் என்று காட்டினார். கேண்டீனுக்கு எந்தத் தேயிலை என்பதற்கு அது நல்ல வழி. ஒருவரை வேலையிலிருந்து நீக்கும்போது கூடாது.

கேள்வி: ஆள் எடுக்கும்போது, உள்ளே நுழைந்த ஐந்து நிமிடத்தில் இவன் தேறுவானா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. நேர்காணலுக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவிட வேண்டும்? (பட்டறை உரிமையாளர்)

பதில்: தேறமாட்டான் என்று அனுப்பியவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், முதல் பதிலில் சொன்ன இரண்டாம் நிபந்தனை இங்கே இல்லை. கானமன் தம் இருபதுகளின் தொடக்கத்தில், இஸ்ரேலியப் படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார். நேரம் தவறாமை, பழகும் பண்பு போன்ற ஆறு பண்புகளை ஒவ்வொன்றாக, நடந்த நிகழ்ச்சிகளை மட்டும் கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னார். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காண்போர் முறையிட்டதால், ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடி அந்த இளைஞனைப் படைவீரனாக நினைத்துப் பார்த்து ஒரு மதிப்பெண் போட அனுமதித்தார். வியப்பு என்னவென்றால், அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பலித்தது. உங்கள் உள்ளுணர்வையும் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா; அதை ஐந்தாம் நிமிடத்திலிருந்து முப்பதாம் நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: எல்லாரையும் கேட்டு நடப்பவர் தலைவரா, தாமே முடிவெடுத்து நடத்துபவர் தலைவரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தனை நினைத்துப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்களைத் தரகர்கள் வாங்கித் துண்டாடியபோது, தொழிலாளர்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தார்கள். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க வேண்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. எங்கே போவது என்பதை அவர் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யவில்லை. ஆனால் மாதம் பத்து வெள்ளி செலுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது. தோட்டம் தோட்டமாகப் போய், படிப்பில்லாதவருக்கும் புரியும்படி கணக்கைச் சொல்ல வேண்டியிருந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. திசையைத் தாமே தீர்மானித்து, அதில் நடக்க ஒவ்வொருவரிடமும் இசைவு வாங்கினார். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. அமைச்சராக இருந்தவர் லயத்து வாசல் வரை போனது பெரிதென்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வாழையிலை உணவகத்தின் இரண்டாவது கிளையைத் திறந்து ஒன்றரை ஆண்டாகிறது. மாதாமாதம் நட்டம். சேமிப்பெல்லாம் அதில்தான் போட்டிருக்கிறேன், இப்போது எப்படி மூடுவது? முதல் கடையின் கணக்கை மனைவிதான் பார்க்கிறார்.

பதில்: போட்ட பணம், மூடினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. தெரிந்தும் நாம் அதையே கட்டிக்கொண்டு நிற்கிறோம். இனிமேல் போடப்போகும் ஒவ்வொரு வெள்ளியும் என்ன கொண்டுவரும் என்பது மட்டுமே கேள்வி. இந்தக் கடையை இன்று வேறொருவர் இதே வாடகைக்கும் இதே வியாபாரத்துக்கும் உங்களுக்குச் சும்மா கொடுத்தால் வாங்குவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நிறுவனத்தின் பிரிவுகளில் தாமே தேர்ந்தெடுத்த பிரிவு நட்டமடைந்தபோதுதான் மாணவர்கள் அதில் மேலும் அதிகமாகப் பணத்தைக் கொட்டினார்கள். வேறொருவர் தேர்ந்தெடுத்திருந்தால் கை அவ்வளவு தாராளமாக நீளவில்லை. ஆகவே தொடங்கியவரே மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கடினம். ஒரு தேதியையும், அதற்குள் மாத நட்டம் எந்தத் தொகைக்குக் கீழே வர வேண்டும் என்பதையும் இன்றே தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள். அந்தத் தேதியில் பேரேட்டைத் திறந்து முடிவைச் சொல்ல வேண்டியவர் அவர்; நீங்கள் அந்த நாளில் உங்கள் பழைய கடையின் கல்லாவில் இருங்கள்.