வெற்றி பெற்ற காற்பந்துப் பயிற்றுவிப்பாளரின் எச்சம் எது?

“பல கிண்ணங்களை வென்று கொடுத்த ஒரு காற்பந்துப் பயிற்றுவிப்பாளர், காலம் கடந்தும் நிற்கும்படி எதை விட்டுச் செல்கிறார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்றுவிப்பாளராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசனிடம் போய்விடுவார்கள். சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்களுக்கு ‘அங்கிள் சூ’ இருந்தார்.

சூ செங் குவீ 1914இல் பிறந்து 1983இல் மறைந்தவர். சிங்கப்பூர் அணியைப் பல தவணைகளில் பயிற்றுவித்த அவர், மலாயா, இந்தோனேசியா அணிகளுக்கும் பயிற்சி கொடுத்தவர். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் என் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது 1977 மே 28ஆம் தேதிதான். மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் போட்டியிட்ட மலேசியக் கிண்ணம், 1965க்குப் பிறகு அதுவரை நம் கைக்கு வரவே இல்லை. 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இறுதியாட்டம் வரை போய்ச் சிலாங்கூரிடம் தோற்றிருந்தோம். அன்று கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில், பினாங்குக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், குவா கிம் சோங் அடித்த கோலால் 3-2 என்று முடிந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கோல் அடித்தவரைவிட அணித்தலைவர் சமது அல்லாபிச்சையின் பெயரைத்தான் என் அப்பா அக்கம்பக்கத்தாரிடம் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைப் பிசகில்லாமல் உச்சரிக்கத் தமிழ்க்காரனால்தான் முடியும் என்பது அவருடைய பெருமை.

அடுத்த ஆண்டே அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் சிலாங்கூர் நம்மை 4-2 என்று வென்றுவிட்டது. கிண்ணத்தின் ஆயுள் அவ்வளவுதான்: அடுத்தவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை.

1977 வெற்றியோடு சேர்த்து எப்போதும் சொல்லப்படுவது அங்கிள் சூவின் காலைப் பற்றிய கதை. காலில் இருந்த புண் அழுகிக்கொண்டிருந்த நிலையிலும் அவர் அணியோடு நின்றார் என்றும், பிறகு அந்தக் கால் எடுக்கப்பட்டது என்றும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கண்கலங்கப் பேசுவோம். அவர் மீது எனக்குள்ள மரியாதையில் குறைவில்லை; ஆனால் இதை அவருடைய எச்சமாக முன்னிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. வீங்கிய கணுக்காலை மறைத்துக்கொண்டு ஆட வரும் பையன்களைப் பார்த்தவன் நான்; வலியை மறைப்பதுதான் வீரம் என்று அவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடாது.

நான் எச்சம் என்று கருதுவதை ஃபேரர் பார்க் திடலில், பதினான்கு, பதினைந்து வயதில் கண்டேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இளவயதில் அங்கிள் சூவிடம் கொஞ்ச காலம் பயின்றவர். தேசிய அணியை எட்டாமல், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை ‘கோச்’ என்றே அழைத்தோம். பயிற்சிக்கு முன் எங்களை வரிசையில் நிறுத்தி, காலணிகளைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார். அடிக்குமிழ்களுக்கு இடையில் போன வாரத்துச் சேறு காய்ந்திருந்தால் அன்றைக்குப் பந்தைத் தொட முடியாது. வலக்காலால் மட்டுமே உதைக்கத் தெரிந்தவர்களுக்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்: வலது காலணியைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு, இடக்காலில் மட்டும் காலணியோடு ஒரு மணி நேரம் ஆட வேண்டும். மழையில் ஊறிக் கல்லாய்க் கனக்கும் தோல் பந்தை வெறுங்காலால் இரண்டு முறை உதைத்தவனுக்கு, மூன்றாவது முறை இடக்கால் தானாகவே முன்னால் வரும்.

ஒருமுறை, ஆட்ட நாளன்று ஏழு நிமிடம் தாமதமாகப் போன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். “அங்கிள் சூ இருந்திருந்தா உன்ன பஸ்ஸுலேர்ந்தே இறங்க விட்டிருக்க மாட்டாரு, போப்பா” என்று மட்டும் சொன்னார். மாதக்கணக்கில் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். ஆனால் அதன் பிறகு எந்த ஆட்டத்துக்கும் நான் தாமதமாகப் போனதில்லை.

ஒற்றைக் காலணி வித்தை கோச்சின் சொந்தச் சரக்கு. ஆனால் தன்னிடம் வந்த பையனின் எந்தப் பலவீனத்தையும் ‘போகட்டும்’ என்று விட்டுவிடாத அந்தப் பிடிவாதம் அவர் தம் ஆசானிடமிருந்து பெற்றுக்கொண்டது. உத்திகள் பழசாகிவிடும், எழுபதுகளில் ஆடிய முறையில் இன்று யாரும் ஆடுவதில்லை. கைமாறி வருவது, எதைப் பொறுத்துக்கொள்ளக்கூடாது என்கிற அளவுகோல்தான்.

கிண்ணங்களை மட்டும் எண்ணினால், பின்னாளில் சிங்கப்பூர் அணியைப் பயிற்றுவித்த ராடோய்கோ அவ்ரமோவிச்சுக்கு ஈடு இல்லை. 2003 முதல் 2012 வரை அவர் பொறுப்பில் இருந்தபோது தென்கிழக்காசியக் கிண்ணத்தை மூன்று முறை வென்றோம். அவர் போன பிறகு ஒருமுறைகூட அது வரவில்லை. அவருடைய அணியின் தற்காப்பைப் போல் கட்டுக்கோப்பான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஆனால் அவர் நம்பியிருந்தவர்களில் டேனியல் பென்னெட், அலெக்சாண்டர் டூரிச் போல் வெளிநாட்டில் பிறந்து இங்கே குடியுரிமை பெற்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வயதானபோது அந்த இடங்களுக்கு நாம் ஆள் தயார் செய்து வைத்திருக்கவில்லை. அதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரிடம் நாம் கேட்டது அடுத்த ஆட்டத்தின் முடிவை. பத்து வயதுப் பையனை வளர்த்தெடுப்பதை அல்ல.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்தில் உள்ள கம்பிவேலி போட்ட தெருக்காற்பந்துத் திடலில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அங்கிள் சூவின் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. என் கோச்சின் பெயர் தெரிய வாய்ப்பே இல்லை. போன மாதம் ஒரு பையனிடம் வலது காலணியைக் கழற்றச் சொன்னேன். “ஏன் அங்கிள், மத்தவங்க யாரும் கழட்டலையே?” என்று கேட்டான். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் செய்வார் என்றேன். அவன் காலணியைக் கழற்றி வேலியோரமாக வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் வைத்தான். காலணியைக் கவிழ்த்துப் பார்க்கும்படி அன்று நான் சொல்லியிருக்கவில்லை.