யாருக்கும் ஒன்றுமில்லை

அன்புள்ள ஐயா,

கொரோனா நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதே இல்லை. 2021 மே மாதம் அப்பாவை இழந்தோம். இன்றும் ஆறவில்லை, கோபம்தான் வருகிறது. பிரதமர் கைதட்டச் சொன்னார், விளக்கேற்றச் சொன்னார், செய்தோம். முகக்கவசத்தை மட்டும் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். நம் ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு எந்தத் தலைவர்தான் என்ன செய்வார்? அடுத்த தொற்றுக்கு நமக்கு வேண்டியது கண்டிப்பான தலைமையா, பொறுப்பான குடிமக்களா?

கா., மாதவரம்

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தேன். பழைய பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று அகப்பட்டது. பேட்டரி கசிந்து உப்புப் பூத்திருந்தது. தூக்கிப் போட மனம் வராமல் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கைதட்டலையும் விளக்கையும் விடுங்கள். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நானும் மொட்டை மாடியில் நின்றேன். எதிர்வீட்டில் பட்டாசு வெடித்தார்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

'நம் ஜனங்கள்' என்கிறீர்களே, அதை விட மாட்டேன். அந்த ஜனங்களில் நீங்கள் உண்டா, இல்லையா? ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் 25ஆம் தேதி கோயம்பேட்டில் நெரிந்த கூட்டத்தையும் இப்படித்தான் திட்டினோம். நான்கு நாள் மளிகைக்கடை திறக்காது என்றால் பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்? மே 5 அன்று சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றுவதற்குள் தொற்று லாரியேறி மற்ற மாவட்டங்களுக்கும் போய்விட்டது.

இப்போது என் கதை. ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. அப்போது அயனாவரத்தில் குடியிருந்தோம். தினமும் பத்து மணிவாக்கில் காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண் வருவார். கையில் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர், அக்குளில் நீள நோட்டு. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "சார், சளி, காய்ச்சல், இருமல் யாருக்காச்சும்?" என்பார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா."

ஒருநாள் என் மனைவிக்கு 101 டிகிரி. உள்ளறையில் போர்த்திப் படுத்திருந்தாள். நான் கேட்டில் நின்று அதையே சொன்னேன். அவள் இருமினாள். அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார். மறுநாள் எதுவும் கேட்கவில்லை. கபசுரக் குடிநீர்ப் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் கேட்டின் கம்பிவழியே நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னேன்? அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். பால்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஏப்ரலில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த ஊர் இது. அன்று சாயந்திரம் பாராசிட்டமால் வாங்கப் போனேன். முகக்கவசம் மூக்குவரை ஒழுங்காக இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் பொறுப்பான குடிமகன் என்று என்னைத்தான் காட்டியிருப்பீர்கள்.

கண்டிப்பான தலைமை என்கிறீர்கள். 1897இல் புனேயில் பிளேக் வந்தபோது கண்டிப்புக்கு என்ன குறைச்சல்? வீடுவீடாகச் சிப்பாய்களை அனுப்பினார்கள். ஜனங்கள் நோயாளிகளை ஒளித்தார்கள். அந்த ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். அதே ஆண்டு போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இல் நாமும் தூசி தட்டி எடுத்தோம். காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னால் வாசலில் தகரம் வரும் என்றால் யார் சொல்வார்? சொல்கிறவனுக்குச் சோறும் மருந்தும் வரும், அக்கம்பக்கம் பேசும் என்று ஆக்கிக்கொடுப்பது ஆட்சியில் இருப்பவர்கள் வேலை. அதற்குப் பிறகும் நான் பொய் சொல்லியிருந்தால் என்னை உதைக்கலாம். தகரம் இருந்ததால் நான் யோக்கியன் ஆகிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. கீழ்வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துத்தான் அவரும் ஏறி இறங்குவார். அது அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன். பரவாயில்லை, அது பட்டிமன்றக் கேள்வி. அப்பாவை ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்களே, அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். அவரைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் ஜனங்கள் வேண்டாம்.