ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்வது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது: புதியவர்களுக்கு எந்த வகுப்பறை விளையாட்டுகள் உண்மையிலேயே உதவும்?

கோவையில் மாலை நேரத்தில் ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். டூட்டி முடிந்து களைத்துப்போய் வந்து உட்காருவார்கள். அவர்களிடம் ஒரு விளையாட்டைக் கொண்டுபோகுமுன் நான் பார்ப்பது ஒன்றைத்தான். எதிராளி சொல்வதைக் காதில் வாங்காமலே இதை ஆடி முடிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டு வேண்டாம்.

எல்லோரும் சொல்லும் பந்து விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எறிபவர் 'இஹ் ஹைஸெ கவிதா, இஹ் கொம்மெ ஔஸ் சேலம்' என்று பெயரும் ஊரும் சொல்லி, 'உண்ட் ஸீ?' (நீங்கள்?) என்று எறிவார். முதல் நாள் கூச்சம் தெளிய இது நல்லது. ஆனால் இருபது பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு முறைதான் வாய் திறக்கக் கிடைக்கும். மற்றவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இரண்டாம் சுற்றில் பந்தை வந்த வழியே திருப்பி அனுப்பச் சொல்வேன். எறியுமுன், 'டாஸ் இஸ்ட் கவிதா, ஸீ கொம்ட் ஔஸ் சேலம்' (இவர் கவிதா, அவர் சேலத்திலிருந்து வருகிறார்) என்று, தனக்குப் பந்து எறிந்தவரை வகுப்புக்கு அறிமுகப்படுத்த வேண்டும். மூன்றாவது வகுப்பிலிருந்து எல்லோரும் முதல் சுற்றிலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது 'கூகல்லாகர்'. பால் பேரிங் என்று பொருள். மோட்டாரும் பம்புசெட்டும் செய்கிற ஊரில் அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம், முகத்துக்கு முகம் பார்த்து நிற்பார்கள். ஒரு நிமிடம் பேசியதும் கை தட்டுவேன், வெளிவட்டம் ஒரு ஆள் நகரும். பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம் பெயர், ஊர், தொழில் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். தவறினாலும் கேட்பது ஒருவர்தான் என்பதால் பேசத் தயங்குபவர்களும் பேசுகிறார்கள்.

இரண்டாவது வாரம் இதே வட்டத்தில் கையில் சீட்டு கொடுப்பேன். 'காலை 8 மணி, தலைமை மருத்துவர்', 'மாலை 7 மணி, பக்கத்து வீட்டுச் சிறுவன்' என்று இருக்கும். எதிரே நிற்பவர் அதைப் பார்த்து, நேரத்துக்கு ஏற்ற வணக்கத்தையும், 'டு'வா (நீ) 'ஸீ'யா (நீங்கள்) என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். நீ, நீங்கள் இரண்டும் நம்மிடம் இருப்பதால் ஆங்கிலத்தை நடுவில் இழுக்காதீர்கள், தமிழிலேயே சொல்லுங்கள். ஆனால் நம் கணக்கு அப்படியே பொருந்தாது. 'தாத்தா' என்ற சீட்டுக்கு வகுப்பே 'ஸீ' என்றது. ஜெர்மனியில் பேரப்பிள்ளைகள் தாத்தாவை 'டு' என்றுதான் அழைப்பார்கள். அதே சமயம், வேலை இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தன்னைவிட இளையவராக இருந்தாலும் 'ஸீ'தான் பாதுகாப்பு. சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க' என்று கூப்பிட்டுப் பழகிய கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுச் சிறுவனை 'டு' என்று சொல்ல வாயே வராது. வயதும் மரியாதையும் அங்கே வேறு விதமாகப் பின்னியிருப்பதை நான் அரை மணி நேரம் பேசினாலும் இந்தச் சீட்டுகள் அளவுக்குப் புரியவைக்க முடியாது.

'இரவு 9 மணி, நைட் டூட்டிக்கு வார்டுக்குள் நுழைகிறீர்கள்' என்ற சீட்டும் கட்டாயம் வையுங்கள். 'கூட்டெ நாஹ்ட்' தூங்கப் போகும்போது சொல்வது. உள்ளே நுழையும்போது 'கூட்டன் ஆபன்ட்'. பவேரியாவின் 'க்ரூஸ் காட்', ஹாம்பர்க் பக்கத்து 'மொயின்' போன்ற வட்டார வணக்கங்களை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் மாணவர்களுக்கு என்றே தேவைப்படும் பயிற்சி ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பலருக்கு அப்பாவின் பெயர்தான் இருக்கும். ஜெர்மனிக்குப் போனதும் அதுவே அவர்களை அழைக்கும் பெயராகிவிடும். அதனால் வருகைப் பதிவையே விளையாட்டாக்கிவிட்டேன். 'ஃப்ரௌ (திருமதி/செல்வி) முருகேசன்!' என்பேன். கவிதா உடனே நிமிர்ந்து வணக்கம் சொல்ல வேண்டும். முதல் வாரம் பலர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 'மேடம், அது அப்பா பேரு' என்று ஒரு பெண் சொன்னபோது எனக்கே மனசு கனத்தது. ஆனால் முதல் நாள் வேலையில் அவர் திகைத்து நிற்கக் கூடாது.

அதோடு சேர்த்து எழுத்துக்கூட்டலையும் வைத்துவிடுங்கள். கேத்தே நிறுவனம் (Goethe-Institut) நடத்தும் ஏ1 பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் தன்னை அறிமுகப்படுத்தியதும் எதையாவது எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். இருவரை முதுகோடு முதுகாக உட்காரவைப்பேன். ஒருவர் தன் முழுப் பெயரை ஜெர்மன் எழுத்துகளில் சொல்ல, மற்றவர் எழுதுவார். 'ஈ' என்று காதில் விழுந்தால் நம் கை E என்று எழுதும். ஜெர்மனில் அது I. 'ஏ' என்றால் A என்று எழுதும். அது E. எழுதிய தாளைத் திருப்பிப் பார்க்கும்போது 'முருகேசன்' வேறு யாரோ ஆகியிருப்பார். ஒரு எழுத்தும் தவறாமல் வரும்வரை இருவரும் எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் விதி.